சூப்புக்கு ஒரு கும்பிடு

நம் கம்பெனிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் பழைய கிளப் கட்டடத்தின் போட்டோவைப் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஆளாளுக்குக் கண்ணீர் பொம்மை. "அந்தக் காலத்தில் ஆபீசர், ஒர்க்கர் என்ற பேதமே கிடையாது, எல்லோரும் ஒரே குடும்பம்" என்று இன்னொருவர் எழுதினார். அதற்குக் கைகூப்பும் பொம்மைகள். எழுதியவர் ஆபீசர் வீட்டுப் பிள்ளை, அவர் எழுதிக்கொள்ளட்டும். கைகூப்பியவர்களில் பாதிப் பேர் என்னோடு ஒர்க்கர் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். உங்களைத்தான் எனக்குப் புரியவில்லை. ஐம்பதை நெருங்கினால் சர்க்கரை வரும், முழங்கால் வலி வரும், சரி. ஞாபகம் கூடவா இப்படிக் கெட்டுப்போகும்?

குழுவில் எழுதினால் அட்மின் அழித்துவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

1991, சித்திரை வெயில் ஆரம்பித்த நாட்கள். அடுத்த மாதம் ஒரு தலைவர் இங்கே குண்டுவெடிப்பில் செத்து, நம் வட்டாரத்தின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது அதற்கு முன்னால் நடந்த ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றி. எனக்கு அப்போது பத்து வயது. இன்று கார் கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அன்று சவுக்குத் தோப்பு, ஏரி, வேலிகாத்தான். ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நம் பம்பு கம்பெனியின் சங்குச் சத்தம் ஒன்றுதான் தொழிற்சாலை என்று சொல்லிக்கொள்ள.

அந்தக் கம்பெனியில் மூன்று சாதி. ஆபீசர், ஸ்டாஃப், ஒர்க்கர். டீ ஒரே அண்டாவில்தான் காய்ந்தது. ஆபீசருக்கு அது பீங்கான் கோப்பையில் சாசரோடு போகும், ஸ்டாஃபுக்குக் கண்ணாடி கிளாஸில், ஒர்க்கருக்கு எவர்சில்வர் டம்ளரில். டம்ளரின் அடியில் கம்பெனி முத்திரை குத்தியிருக்கும், ஒர்க்கர் வீட்டுக்குத் திருடிப் போய்விடக் கூடாது என்று. பீங்கானுக்கு முத்திரை இல்லை. அந்தக் கோப்பைகள் ஆபீசர் வீடுகளில் அடுக்கடுக்காக இருந்ததை அங்கே பாத்திரம் தேய்த்த என் அம்மா பார்த்திருக்கிறாள்.

அப்பா ஃபிட்டர். வல்லக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த கழனியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனி கொடுத்த வேலை அது. ஏர் பிடித்த கை அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டது. உயரமானவர், அதிகம் பேசமாட்டார், அவர் வந்தால் மிஷினுக்கு ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாசனை முதலில் வரும். அவருக்கு இருந்த ஒரே ஆசை ஸ்டாஃப் ஆவது. கண்ணாடி கிளாஸுக்காக இல்லை. கம்பெனி வளாகத்துக்குள் ஒரு இங்கிலீஷ் ஸ்கூல் இருந்தது. ஆபீசர், ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு மட்டும். நான் பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தேன். அங்கே ஐந்தாவதோடு சரி. ஜூனில் என்னை அந்த ஸ்கூலில் ஆறாவது சேர்த்துவிட வேண்டும் என்று அப்பா ஒரு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். சீட்டு கொடுக்க வேண்டியது முருகன் அல்ல. மேனேஜரம்மா.

மேனேஜரின் மனைவியை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஸ்கூலை நடத்தியவள் அவள்தான். கிளப்பை நடத்தியவளும் அவள்தான். கம்பெனியையும் அவள்தான் நடத்தினாள் என்று மிஷின் ஓடும் ஷாப்பில் பேசிக்கொள்வார்கள்.

கிளப்புக்கு 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு. உங்களில் யாருக்காவது அதன் உள் அமைப்பு ஞாபகம் இருக்கிறதா? நான் சொல்கிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போடுவார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஹாலின் நடுவே மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுவார்கள். திரைக்கு முன்னால் ஆபீசர்களுக்குப் பிரம்பு நாற்காலி, அவர்களுக்குப் பின்னால் ஸ்டாஃபுக்கு மடக்கு நாற்காலி. ஒர்க்கர் குடும்பங்களுக்குத் திரைக்கு மறுபக்கம், தரை. துணி மெல்லியது என்பதால் மறுபக்கமும் படம் தெரியும். இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும், அவ்வளவுதான். கிளப்பில் நான் பார்த்த கதாநாயகர்கள் எல்லோரும் இடது கையால்தான் குத்தினார்கள். மின்விசிறிகள் முன்பக்கம் மட்டும் சுற்றும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எங்கள் பக்கத்தில் வேர்வை, தலைக்கு வைத்த நல்லெண்ணெய், வேர்க்கடலை, கைக்குழந்தை மூத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. அதைத்தான் ஒரே குடும்பம் என்கிறீர்கள்.

அந்த ஏப்ரலில் புது மிஷின் ஒன்றை நிறுவ இங்கிலாந்திலிருந்து ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். அவருக்குத் தன் பங்களாவில் மதிய விருந்து கொடுக்க மேனேஜரம்மா முடிவு செய்தாள். கிளப்பில் பரிமாறிக்கொண்டிருந்த பேரர் அப்போதுதான் துபாய்க்குப் போயிருந்தான். வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்கார முறையில் பரிமாறத் தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் எங்கே கிடைப்பான்? மேனேஜரம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மெட்ராஸில் ஒரு நூலகத்திலிருந்து, பிரபு வீட்டு விருந்து வருகிற ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்தை வரவழைத்தாள். அதைப் பார்த்து ஒரு ஆளைப் பழக்கிவிடலாம் என்று.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ்காரர்கள் தங்கள் பெரிய மனிதர்களைத் தாங்களே கிண்டல் செய்து எடுத்த சிரிப்புப் படம் அது. சொத்தெல்லாம் போன ஒரு கிழட்டுப் பிரபு, இடிந்துகொண்டிருக்கும் ஒரு மாளிகை, அவருக்கு ஒரே ஒரு வேலைக்காரன். பிரபுவுக்குச் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் கடித்தால் போதும். வேலைக்காரன்தான் விடமாட்டான். பிரபு என்றால் பிரபுவாக இருக்க வேண்டும் என்று நீண்ட மேஜையில் அவரை உட்கார வைப்பான். கையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவருவான். மூடியைத் திறப்பான். தட்டில் ஒன்றும் இருக்காது. வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் போய், நெஞ்சில் கை வைத்து, பிரபுவுக்கு இல்லை, அந்தக் காலித் தட்டுக்குக் குனிந்து ஒரு கும்பிடு போடுவான். பிரபு காலித் தட்டில் கரண்டி போட்டுச் சாப்பிடுவதுபோல் நடிப்பார். இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிக் கிண்டல் செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போட்டார்கள். ஒரு குண்டு அம்மாள் குளத்தில் விழுந்த இடத்தில் முன்பக்கம் சிரித்தது. விருந்துக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜரம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் குறிப்பு எழுதினாளாம். புரொஜெக்டர் ஓட்டிய எலெக்ட்ரீஷியன் பிறகு சொன்னார். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை. ஆனால் ஒரு வேலைக்காரன் தட்டைக் கும்பிடுவது கேலி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படி நடக்க வேண்டும் என்றுதான் அவள் வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து நான் அம்மாவிடம், தட்டில் ஏன் ஒன்றுமே இல்லை என்று கேட்டேன். பெரிய மனிதர்கள் அளவாகத்தான் சாப்பிடுவார்கள் என்றாள் அம்மா. நாங்களும் ஒன்றும் பெரிய அறிவாளிகள் இல்லை.

மறுநாள் மேனேஜரம்மா மிஷின் ஷாப்புக்கே வந்துவிட்டாள். ஒரு தட்டில் விளிம்பு வரை நிரப்பிய ஆறு கிளாஸ் தண்ணீரை வைத்து, ஒவ்வொரு ஒர்க்கரையும் பத்து அடி நடக்கச் சொன்னாள். பளு தூக்கிய கைகள் எல்லாம் ஆறு கிளாஸ் தண்ணீருக்கு நடுங்கின. அப்பா மட்டும் ஒரு சொட்டு சிந்தவில்லை. முடி அளவுக்கு இரும்பைச் சீவி எடுக்கிற கை அது. அதோடு உயரம் வேறு. அவரையே எடுத்துக்கொண்டாள்.

அன்று அவள் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து வார்த்தை பிசகாமல் அம்மாவிடம் சொன்னார்.

"சரியா செஞ்சியானா உன்ன ஸ்டாஃப் கிரேடுல போடச் சொல்றேன். பொண்ணையும் அன்னிக்கு அழைச்சிட்டு வா, ரெண்டு கேள்வி கேட்டுட்டு சீட்டு தரேன்னாங்க. வாயால சொன்னாங்க. நானா ஒண்ணும் கேக்கல."

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு என் பாவாடைகளில் சாயம் போகாதது எது என்று தேட ஆரம்பித்தாள்.

புதன்கிழமை மதியம் அப்பாவுக்கென்று அந்த விருந்துக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டினார்கள். ஹாலில் மேனேஜரம்மா, எலெக்ட்ரீஷியன், அப்பா, மூன்றே பேர். எண்பது நாற்காலி காலி. மேனேஜரம்மா முன்வரிசையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, திரைக்கு மறுபக்கம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் வா என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை நான்கு முறை ஓட்டினார்கள். அவள் திரையின் அந்தப் பக்கமிருந்து இங்கிலீஷில் விளக்கினாள், இவர் பாதி புரியாமலே இந்தப் பக்கமிருந்து "சரிங்க மேடம்" என்றார். உலகத்தில் வேறு எங்காவது ஒருவனுக்குப் பாடம் நடத்த இப்படி உட்கார்ந்திருப்பார்களா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

படத்தில் வேலைக்காரன் துண்டை இடது கையில் போட்டிருந்தான். சாப்பிடுகிறவரின் இடது தோள் பக்கமாக வந்து பரிமாறினான். திரைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எல்லாம் வலது. அவர் பார்த்ததை அவர் கற்றுக்கொண்டார்.

வீட்டில் பத்து நாள் ஒத்திகை. என்னை மணையில் உட்கார வைத்து, நான்தான் பிரபு. அப்பா வலது கையில் குற்றாலத் துண்டைப் போட்டுக்கொண்டு, அலுமினியத் தட்டில் ரசத்தை வைத்து, என் வலது தோள் பக்கமாகக் கொண்டுவந்து வைப்பார். மூன்று அடி பின்னால் போனால் எங்கள் லைன் வீட்டில் சுவர் வந்துவிடும். அதனால் இரண்டு அடி. பிறகு ரசத்துக்கு ஒரு கும்பிடு. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொள்வாள்.

"சிரிக்காத. இது வேல" என்பார் அப்பா.

குன்றத்தூர் தையல்காரரிடம் கறுப்புக் கோட்டு தைத்தார்கள், ஏப்ரல் வெயிலில். வெள்ளைக் கையுறைக்கு மேனேஜரம்மா எங்கும் போகவில்லை. ஷாப்பில் கொடுக்கிற பருத்திக் கையுறை ஒரு ஜோடியை அம்மா மூன்று நாள் வெளுப்பு போட்டு ஊறவைத்து, நீலம் போட்டுக் காயவைத்தாள். எல்லாம் வெளுத்தது, வலது கட்டைவிரலில் ஒரு எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. அதன் மேல் சுண்ணாம்பு தடவினாள். அந்தக் கையுறை பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

விருந்தன்று காலையே நாங்கள் மூவரும் பங்களாவுக்குப் போய்விட்டோம். அம்மாவுக்குப் பாத்திர வேலை. எனக்குத் தலையை வழித்து வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, சமையலறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். மை நேம் இஸ், ஐ ஆம் டென் இயர்ஸ் ஓல்ட், மை ஃபாதர் இஸ் எ ஃபிட்டர் என்று மூன்று வாக்கியங்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாசல் திரை பாதி விலகியிருந்தது. மேஜை முழுதும் தெரிந்தது. நடுவில் வெள்ளைக்காரர். வழுக்கை, சிவந்த கழுத்து, வெயிலில் தோல் உரிந்த மூக்கு. ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் மேனேஜரம்மா. நான்கு ஆபீசர்கள், அவர்கள் மனைவிகள். எல்லோரும் படத்தை முன்பக்கமிருந்து பார்த்தவர்கள். பரிமாறுகிறவன் இடது பக்கம் வருவான், அவனுக்கு இடம் விட்டு வலது பக்கம் லேசாகச் சாய வேண்டும் என்று மேனேஜரம்மா அவர்களுக்கும் பாடம் எடுத்திருந்தாள்.

அப்பா சூப்போடு உள்ளே போனார். மேஜை முழுக்க ஒரே நேரத்தில் வலது பக்கம் சாய்ந்தது. அப்பாவும் வலது பக்கம் போய் நின்றார். மேனேஜரம்மாவின் கொண்டை சூப்புக் கிண்ணத்தில் இடித்தது. வேறு யாராக இருந்தாலும் கிண்ணம் அவள் மடியில் கவிழ்ந்திருக்கும். அப்பா கையை விடவில்லை. கொதிக்கிற சூப்பு அவர் கட்டைவிரலில் வழிந்தது, சுண்ணாம்பு கரைந்து எண்ணெய்க் கறை வெளியே தெரிந்தது. முகம் மாறவில்லை. அவளுக்கு வைத்துவிட்டு வெள்ளைக்காரரிடம் போனார். அவரும் மரியாதைக்காக வலது பக்கம் சாய்ந்திருந்தார். கிண்ணத்தை அவர் காதோரமாகச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தார். மூன்று அடி பின்னால் போனார். நெஞ்சில் கை வைத்து, சூப்பைப் பார்த்து, குனிந்து கும்பிட்டார்.

வெள்ளைக்காரர் சூப்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் கழுத்து இன்னும் சிவந்தது. கைத்துணியை எடுத்து வாயில் வைத்தார், அதையும் மீறிக்கொண்டு சிரிப்பு வெடித்தது. அவர் ஊரில் அந்தப் படம் எல்லோருக்கும் மனப்பாடமாம். படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்ததும் மேனேஜர் சிரித்தார். மேனேஜர் சிரித்ததும் ஆபீசர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்கள் மனைவிகள், பதவி வரிசைப்படி. ஒருவருக்கும் எதற்கு என்று தெரியாது. மேனேஜரம்மா மட்டும் கொண்டையைத் தடவிக்கொண்டு அப்பாவை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

அப்பா சமையலறைக்குத் திரும்பி வந்தார். அடுத்து வறுத்த வஞ்சிர மீன் போக வேண்டும். சமையல்காரர் தட்டை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். என்னைப் பார்த்தார். என் பின்னல் ஒன்று முன்னால் விழுந்திருந்தது, அதைக்கூட அவர் கவனித்த மாதிரி இருந்தது. பிறகு துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

மீனுக்கு அவர் சூப்பைவிடத் தாழ்வாகக் குனிந்தார். முழங்கால் மடிந்தது. குனிந்தபடியே பின்னாலேயே நடந்து வாசல் வரை வந்தார். வெள்ளைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புட்டிங்குக்கு இரண்டு முறை கும்பிட்டார். என் அப்பாவைப்போல் பரிமாற உலகத்தில் ஆளில்லை, எல்லோரையும் எவ்வளவு சந்தோஷப்படுத்துகிறார் என்று நான் முக்காலியில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மேனேஜரம்மா அப்பாவைப் பின்வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"லெஃப்ட்னு எத்தன தடவ சொன்னேன்? வேணும்னே பண்ணியா?"

"படத்துல வலது பக்கந்தான் மேடம் வந்தான்."

பொய் சொல்லாதே, எண்பது பேர் பார்த்தோம் என்று கத்தினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, வலது பக்கந்தான் மேடம் என்றார் மறுபடி. ஒரே துணியின் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பது அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சுற்றி நின்ற ஆபீசர்களில் இரண்டு பேர் எஞ்சினியர்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை. இவனுக்கு ஸ்டாஃப் கிரேடு ஒன்றுதான் குறைச்சல், பொண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பச் சொல் என்றாள். அம்மா கையில் பாத்திரச் சாம்பலோடு எழுந்து நின்றுவிட்டாள்.

அதற்குள் வெள்ளைக்காரரை வழியனுப்பிவிட்டு மேனேஜர் உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். இந்தியாவில் இவ்வளவு அருமையான ஒரு வேடிக்கையை ஏற்பாடு செய்ததற்காக அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம் துரை. மேனேஜரும், ஆமாம், நாங்கள்தான் ஏற்பாடு செய்தோம் என்று சொல்லிவிட்டாராம்.

"துரைக்கு ரொம்ப சந்தோஷம். இவன ஸ்டாஃப்ல போட்டுடு. இனிமே கெஸ்ட் வந்தா எல்லாம் இவன்தான்."

மேனேஜரம்மாவின் முகம் ஒரு நொடியில் மாறியது. அப்படி மாறுகிற முகத்தை அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஆபீஸ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைக் கூப்பிட்டாள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். மை ஃபாதர் இஸ் எ ஃபிட்டர் என்றேன். மேனேஜர் சிரித்து, இனிமேல் ஸ்டாஃப் என்று சொல்ல வேண்டும் என்றார். மை ஃபாதர் இஸ் எ ஸ்டாஃப் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூனில் எனக்குச் சீட்டு கிடைத்தது. அந்த வெள்ளைக்காரரும் ஒன்றும் மகான் இல்லை. வயிறு நிறையத் தின்றார், வயிறு வலிக்கச் சிரித்தார், ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், குழுவில் இருக்கிற ஆபீசர், ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகள் பலர் அந்த ஸ்கூலில் என் கூடப் படித்தீர்கள். நாலு வருஷம், எந்த விருந்தாளி வந்தாலும் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பம்பாயிலிருந்து டைரக்டர்கள், ஜப்பான்காரர்கள், ஒருமுறை மேனேஜரின் சம்பந்தி வீட்டார். அப்பா கோட்டு போட்டுக்கொண்டு போவார், சூப்பைக் கும்பிடுவார், எல்லோரும் சிரிப்பார்கள். வகுப்பில் எனக்கு 'சூப்பு' என்று பெயர் வைத்தீர்கள். யார் வைத்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது, அவரும் இப்போது குழுவில் இருக்கிறார், காலை வணக்கம் அனுப்புகிறார். அப்பா சைக்கிளில் மதியச் சாப்பாடு கொண்டுவந்தால், கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடியிலேயே நின்றுவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவர் அங்கேயே நின்றார்.

ஒன்பதாவது படிக்கும்போது ஸ்கூல் ஹாலில் அந்தப் படத்தை வீடியோவில் போட்டார்கள். அன்றுதான் நான் அதை முன்பக்கமிருந்து பார்த்தேன். துண்டு இடது கையில் இருந்தது. இப்போது எனக்கு இங்கிலீஷும் புரிந்தது. எண்பது நாற்காலியும் ஒரு தரையும் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டன. அந்த வேலைக்காரன்தான் படத்திலேயே பெரிய முட்டாள் என்பதும் விளங்கிவிட்டது. கும்பிடு வந்ததும் ஹால் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். பையைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றேன். எனக்கு மேனேஜரம்மா மேல் கோபம் வந்திருக்க வேண்டும், மேனேஜர் மேல் வந்திருக்க வேண்டும், உங்கள் மேலாவது வந்திருக்க வேண்டும். வந்தது இவர் மேல்.

"அந்தப் படத்துல அந்த ஆளு ஒரு பைத்தியக்காரன். அவனப் பாத்து சிரிக்கத்தான் அந்தப் படமே. நாலு வருசமா நீ அதத்தான் செஞ்சிக்கினு கீற. உன்னப் பாத்துதான் எல்லாரும் சிரிக்கிறாங்க. அதுகூடவா உனக்குத் தெரியாது?"

அப்பா செயினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றார். "மொத சூப்பு வெச்சப்பவே தெரிஞ்சிபோச்சி. வெள்ளக்காரன் சிரிச்சான், அவன் மூஞ்சப் பாத்து மேனேஜர் சிரிச்சான். மத்தவனுக்கெல்லாம் இன்னாத்துக்கு சிரிக்கிறோம்னே தெரில. எனக்குத் தெரிஞ்சிது. மீன எடுத்துகினு வாசப்படில நின்னேன் பாரு, அப்போ நெனச்சேன். நேரா போயி வெச்சிட்டு வந்துட்டா அந்தம்மா கோவம் மட்டுந்தான் மிச்சம். அவன் சிரிக்கிற வரைக்கும் உனக்கு சீட்டு கீது. அதான் மீனுக்கு இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன்."

துணியைத் திருப்பி மடித்து அடுத்த கண்ணியைத் துடைத்தார்.   மன்னிப்புக் கேட்டேன், காலில் விழுந்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும், கைகூப்பும் பொம்மை போடுவீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஆண்டு விழா. இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அப்பா அம்மா இருவரும் வர வேண்டும் என்று அழைப்பு கொடுத்திருந்தார்கள். அதை நான் அம்மாவிடம் மட்டும் கொடுத்தேன், அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட், வர முடியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட் இல்லை என்பது எனக்குத் தெரியும்.